ஏழு உயிர்களை மீட்ட பெண் காப்டன்!

புழலுக்குக் கிழக்கே சில மைல் தூரத்தில் வங்கக் கடல். காசிமேட்டிலிருந்து மீன்பிடிப் படகுகள் புறப்படுகின்றன. சென்னை, எண்ணூர் துறைமுகங்களுக்குப் பெரிய கப்பல்கள் வந்து போகின்றன. நடுக்கடலில் படகுக்கு ஆபத்து நேர்ந்தால், அவ்வழியே போகும் கப்பல் என்ன செய்ய வேண்டும்? 2015-ம் ஆண்டு இதே வங்கக் கடலில் நடந்த ஒரு சம்பவம் இதற்குப் பதில் சொல்கிறது.

பனிக்கட்டிதான் ஆகாரம்!

ஆந்திராவின் காக்கிநாடாவிலிருந்து ஒடிசாவின் கோபால்பூருக்குச் சென்றது 'துர்கம்மா' என்ற படகு. அதில் ஏழு மீனவர்கள். புயல் காற்றில் என்ஜின் நின்றது. நங்கூரமும் போயிற்று. சோறு, தண்ணீர் எல்லாவற்றையும் அலை கொண்டு போய்விட்டது. மீனுக்கு வைத்திருந்த பனிக்கட்டியைத் தின்று உயிர் பிழைத்திருந்தார்கள். ஒருவன் 15 வயதுச் சிறுவன்!

ஜூன் மாதம் அவ்வழியே வந்தது 'சம்பூர்ண ஸ்வராஜ்ய' என்ற எண்ணெய்க் கப்பல். அதன் காப்டன் ராதிகா மேனன், கேரளத்துப் பெண்மணி. அலை 25 அடி உயரம் எழும்பியது. பெரிய கப்பலைச் சட்டென்று நிறுத்த முடியாது. கப்பலில் மோதினால் படகு நொறுங்கிவிடும். ஆனாலும் கப்பலைத் திருப்பச் சொன்னார் காப்டன். இரண்டு முறை முயன்றும் பலிக்கவில்லை. மூன்றாவது முறை ஏணி வழியாக ஏழு பேரும் ஏறி வந்தார்கள்!

சட்டமும் துணிச்சலும்

கடலில் தவிப்பவருக்கு உதவப் போவது கப்பல் காப்டனின் கடமை என்கிறது சர்வதேசச் சட்டம். ஆனால் போக முடியாத நிலை என்று காப்டன் கருதினால், காரணத்தைக் கப்பல் குறிப்பேட்டில் எழுதிவிட்டு நகரலாம். அந்தப் புயலில் அப்படி எழுத ராதிகாவுக்குக் காரணம் இருந்தது. அவர் எழுதவில்லை. அதுதான் வீரம்.

கடலில் காட்டும் துணிவுக்கான விருதைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2016-ல் லண்டனில் அவருக்கு வழங்கியது. அவ்விருது பெற்ற முதல் பெண் அவரே.

ஆயினும் எல்லா வேளையிலும் ஒரு கப்பல் எதிரே வராது. வந்தாலும், படகு அதன் கண்ணில் பட வேண்டும். ஆகவே மிதவைச் சட்டை, ரேடியோ, விளக்கு ஆகியவை இல்லாமல் படகு கரையை விட்டுப் போகக் கூடாது. வீட்டிலுள்ளவர்களும் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வழியனுப்ப வேண்டும்.