ஊர்வலத்தில் போனவனும் சலவைக் கடைக்காரனும்

“இரண்டு ஆண்கள் காதலிப்பதைப் படமெடுப்பது வெள்ளைக்காரன் வக்கிரம், பிழைக்க வந்த நமக்கு அது எதற்கு?” என்று நம்மவர்களே கேட்கிறார்கள். பிழைக்க வந்தவர்கள்தான் அதைப் பார்க்கவேண்டும் என்கிறோம் நாம்.

1985-இல் வந்த ‘மை பியூட்டிஃபுல் லாண்ட்ரெட்’ படத்தை எழுதியவர் ஹனீஃப் குரேஷி. பாகிஸ்தானியத் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் இங்கிலாந்தில் பிறந்தவர். இயக்கம் ஸ்டீஃபன் ஃப்ரியர்ஸ். லண்டனில் குடியேறிய பாகிஸ்தானியக் குடும்பத்துப் பையன் ஓமர், பாழடைந்த ஒரு சலவைக் கடையைத் தூக்கி நிறுத்துகிறான். கூட்டாளி, பள்ளித் தோழன் ஜானி. வெள்ளைக்காரன், காதலனும் அவனே.

இந்த ஜானி யார்? குடியேறிகளை விரட்டக் கிளம்பிய ஊர்வலத்தில் நடந்தவன்! ஓமர் அதை மறக்கவில்லை. அவன் அணைப்பில் இருக்கும்போதே சொல்லிக் காட்டுகிறான். அன்று உதைத்தவன் இன்று தன் கடைத் தரையைக் கழுவுகிறான் என்பதில் அவனுக்கு ஒரு திருப்தியும் உண்டு. காதல் கணக்கைத் தீர்த்துவிடவில்லை. படத்தின் நேர்மை இதுதான்.

நம்மவன் முதலாளியானால் என்ன ஆவான் என்பதையும் படம் மறைக்கவில்லை. ஓமரின் தந்தையோடு பிறந்தவர் வீட்டு முதலாளி. குடியிருந்த தன் நாட்டுக் கவிஞனையே வெளியேற்றுகிறார், அதுவும் ஜானியின் கையால். மானம் போயிற்று என்று நியூயார்க்கில் பாகிஸ்தானியர் சிலர் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். வாடகைக் கொள்ளையில் போகாத மானம்!

நம் ஊருக்கு வருவோம். ஒரே வீட்டு மருமகள்கள் இருவர் காதலிக்கும் கதை, தீபா மேத்தாவின் ‘ஃபயர்’. தணிக்கை அனுமதித்த படம். 1998 டிசம்பரில் மும்பையில் அது ஓடிய திரையரங்குகளைச் சிவசேனாக்காரர்கள் அடித்து நொறுக்கினார்கள். நம் பண்பாட்டுக்கு விரோதம் என்றார்கள். 1960களின் பிற்பகுதியில் அதே கட்சி பம்பாயில் தென்னிந்தியர் மேல் பாய்ந்தபோது, நம் வேட்டியும் இட்லிக் கடையும் அந்த மண்ணுக்கு ஆகாதவையாக இருந்தன. யார் ஆகாதவர் என்று தீர்மானித்தவர்கள் இரண்டு முறையும் அவர்களே. இரண்டாம் முறை நம்மில் எத்தனை பேர் தலையாட்டினோம்?

ஓரினக் காதல் குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-இல் சொல்லிவிட்டது. ஆனாலும் கல்யாணப் பேச்சை எடுத்ததும் வேறு ஊரில் வேலை என்று கிளம்பிப் போகிற பிள்ளைகள் நம் சால்களில் இருக்கிறார்கள். அப்பன் வேலையில்லாமல் ஊரை விட்டான். பிள்ளை நமக்குப் பயந்து ஓடுகிறான்.

சங்கத்தில் இந்தப் படத்தைத் தமிழில் விளக்கம் சொல்லித் திரையிடவேண்டும். முகம் சுளிப்பவர்களும் வரட்டும். பின்வரிசையில் இடம் போட்டு வைக்கிறோம்.