பேச்சு எந்தப் பக்கம்?

இடது மூளைக்காரர் கணக்கில் புலி, வலது மூளைக்காரர் கவிதையில் புலி என்று ஒரு கதை பல வருடங்களாக மெயிலில் சுற்றியது. இப்போது வாட்ஸப்பில் சுற்றுகிறது. ஆளை அப்படி இரண்டாகப் பிரிக்க ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் இடதா வலதா என்ற அதே கேள்வி சிலருக்கு வாழ்க்கைப் பிரச்சினை. அவர்கள் வலிப்பு நோய்க்கு மூளையில் ஆபரேஷன் செய்துகொள்ளக் காத்திருப்பவர்கள்.

உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு மாத்திரையால் வலிப்பு முழுதாகக் கட்டுப்படுவதில்லை. அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு, வலிப்பு கிளம்பும் இடத்தைக் கண்டுபிடித்து வெட்டி எடுத்தால் நோய் நின்றுவிடும். சிக்கல் எங்கே என்றால், அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பேச்சும் குடியிருக்கலாம். வலிப்பு போனது, கூடவே வார்த்தையும் போனது என்றால் என்ன லாபம்?

பேச்சு பெரும்பாலும் இடது பக்கத்தில்தான் என்று 1860களிலேயே பிரான்சில் பால் புரோக்கா சொல்லிவிட்டார். சரி, வலது கைக்காரர் என்றால் பேச்சு இடது மூளையில் என்று எழுதிக்கொண்டு வேலையை ஆரம்பிக்கலாமே? கூடாது. ஏன் என்பதற்கு 1977-ல் கனடாவின் மான்ட்ரியலிலிருந்து ராஸ்முசென், மில்னர் இருவரும் வெளியிட்ட கணக்கைப் பார்க்க வேண்டும். சிறு வயதில் இடது மூளை பாதிக்கப்படாத நோயாளிகளில், வலது கைக்காரர்கள் 96 சதவீதம் பேருக்குப் பேச்சு இடது பக்கம், 4 சதவீதம் பேருக்கு வலது பக்கம். மற்றவர்களில் 70 சதவீதம் பேருக்கு இடது, 15 சதவீதம் பேருக்கு வலது, மீதி 15 சதவீதம் பேருக்கு இரண்டு பக்கமும்.

96 சதவீதம் என்றால் பரீட்சையில் டிஸ்டிங்ஷன். ஆபரேஷன் தியேட்டரில் அது போதாது. வீடு தீப்பிடிக்க வாய்ப்பு குறைவு என்று யாரும் இன்சூரன்ஸை வேண்டாம் என்பதில்லை. வாய்ப்பு எத்தனை என்பதோடு, நடந்தால் நஷ்டம் எவ்வளவு என்பதையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். இங்கே நஷ்டம் ஒரு மனிதரின் பேச்சு. அந்த 4 பேரில் ஒருவருக்கு 96 சதவீதம் என்ற எண்ணால் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

வலிப்பு நோயாளிகளிடம் இந்தக் கணக்கு இன்னும் தடுமாறும். சின்ன வயதிலேயே இடது மூளை அடிபட்டால், பேச்சு தானாக வலது பக்கம் குடிமாறிப் போவது உண்டு. அப்படி அடிபட்டு வலது கைப் பழக்கமும் இல்லாதவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பேச்சு வலது பக்கம் என்று அதே ஆய்வு சொன்னது.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வாடா டெஸ்ட் மூலமாக. யாரையோ மரியாதையில்லாமல் கூப்பிடுவது போல இருக்கிறதா? ஜுன் வாடா என்பது ஜப்பானிய மருத்துவரின் பெயர். 1949-ல் இந்தச் சோதனையைப் பற்றி ஜப்பானிய மொழியில் எழுதினார். பிறகு மான்ட்ரியலுக்குப் போய், 1960-ல் ராஸ்முசெனோடு சேர்ந்து ஆங்கிலத்தில் வெளியிட்டார். தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய டியூப் ஒன்றைக் கழுத்து வரை கொண்டுபோய், மூளையின் ஒரு பாதியை மட்டும் சில நிமிடம் தூங்க வைக்கும் மருந்தைச் செலுத்துவார்கள். நோயாளி இரண்டு கைகளையும் தூக்கியபடி எண்களைச் சொல்லிக்கொண்டிருப்பார். இடது பாதி தூங்கினால் வலது கை சரியும். எண்ணுவதும் நின்று போனால், பேச்சு அந்தப் பக்கம்தான். ஞாபகசக்தியையும் இதே முறையில் சோதிப்பார்கள்.

ரத்தக்குழாய்க்குள் டியூப் விடுவது ஆபத்தில்லாத காரியம் அல்ல. அபூர்வமாகப் பக்கவாதம் வந்ததும் உண்டு. அதனால் இப்போது பல இடங்களில் ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. வார்த்தைகளை யோசிக்கும்போது மூளையில் எங்கே ரத்த ஓட்டம் கூடுகிறது என்று படம் காட்டும். பல வகை வலிப்பு நோயாளிகளுக்குப் பேச்சு எந்தப் பக்கம் என்று அறிய, வாடாவுக்குப் பதிலாக இதைப் பரிசீலிக்கலாம் என்று அமெரிக்க நரம்பியல் அகாதமியும் 2017-ல் சொன்னது.

அப்படியானால் பழைய டெஸ்ட்டைத் தூக்கி எறிந்துவிடலாமா? அவசரம் வேண்டாம். ஒரு கடையில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று பார்ப்பது ஒன்று. யார் லீவு போட்டால் கடையே நின்றுபோகும் என்று பார்ப்பது வேறொன்று. ஸ்கேன் முதல் கேள்விக்குப் பதில் தருகிறது. வாடா டெஸ்ட் இரண்டாவது கேள்விக்குப் பதில் தருகிறது. சர்ஜனுக்குத் தேவை இரண்டாவது பதில். ஸ்கேன் ஒரு பக்கத்தைத் தெளிவாகக் காட்டினால் அதோடு நிறுத்திக்கொள்வது நியாயம். படம் இரண்டு பக்கமும் ஒளிர்ந்தால், அல்லது மற்ற பரிசோதனைகளோடு ஒத்துப்போகாவிட்டால், வாடா டெஸ்ட்டின் சிறு ஆபத்தை ஏற்பதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஊசியோ ஸ்கேனோ, கேள்வி நோயாளி வீட்டில் பேசும் மொழியில் இருக்க வேண்டும். வயலில் வேலை செய்யும் ஒரு தமிழ் அம்மாவிடம் பனிமனிதன் படத்தைக் காட்டி, பெயர் சொல்லவில்லை என்று குறித்துக்கொண்டால் தோற்றது அவர் மூளை இல்லை, சோதனைதான். குடத்தையோ முறத்தையோ காட்டிக் கேட்டால் உண்மை வெளியே வரும்.

கூட்டத்தின் சராசரி புத்தகத்துக்குப் போதும். கத்தி வைக்கும் முன்னால், அந்த ஒரு மனிதரின் மூளையைத்தான் கேட்க வேண்டும், அவருக்குப் புரிகிற பாஷையில்.