அமாவாசையும் மனநோயும்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு ஆண்டுதோறும் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "சார், அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கடல் பொங்குகிறது. மூளையில் முக்கால் பங்கு நீர்தானே? அது மட்டும் பொங்காதா? அந்த நாட்களில் பைத்தியம் முற்றுவது அதனால்தானே?" கேட்பவர் யோசித்தே கேட்கிறார். எனவே விடையையும் கணக்குப் போட்டே சொல்ல வேண்டும்.

கடல் பொங்குவதற்குக் காரணம் சந்திரனின் ஈர்ப்பு இடத்துக்கு இடம் வேறுபடுவதுதான். புவியின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இடையே சுமார் 12,700 கிலோமீட்டர் இருப்பதால் அந்த வேறுபாடு கடலில் தெரிகிறது. நம் தலையோ 20 சென்டிமீட்டர். 3,84,400 கி.மீ. தொலைவிலுள்ள சந்திரனின் ஈர்ப்பு இந்த 20 செ.மீ.க்குள் எவ்வளவு மாறும்? புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ 300 லட்சம் கோடியில் ஒரு பங்கு! உச்சந்தலைக்கும் தாடைக்கும் இடையே புவியின் சொந்த ஈர்ப்பு மாறும் அளவே இதைப்போல் ஒன்றரைக் கோடி மடங்குக்கு மேல். பதினோராம் வகுப்பு ஈர்ப்பு விதியைக் கொண்டு நீங்களே இதைச் சரிபார்க்கலாம்.

வெறும் கணக்கு விளையாட்டு என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். "அமாவாசை கழியட்டும், பார்ப்போம்" என்று குடும்பத்தார் காத்திருக்கும்போது நோய் முற்றுகிறது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அன்று அதிகாலை, தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. 28 பேர் இறந்தனர். சங்கிலியால் பிணைத்து வைத்திருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. எவரையும் எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. வழிபாடு ஆறுதல் தருமானால் தாராளமாகச் செய்யட்டும். ஏர்வாடி தர்காவிலேயே பிற்பாடு பிரார்த்தனையோடு மருத்துவமும் கிடைக்க ஏற்பாடு செய்தார்கள். மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

மனநோய்க்கு மருந்து ஏது என்பீர்கள். உங்கள் கைபேசி மின்கலத்திலுள்ள லித்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உப்பு, கட்டுக்கடங்காத மன எழுச்சியைத் தணிக்கிறது என்று ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் வெளியிட்டார். இன்றும் இருமுனை மனநோய்க்கு அது முதன்மையான மருந்துகளில் ஒன்று. இரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் பயனில்லை, மிகுந்தால் நஞ்சு. ஆகவே அவ்வப்போது இரத்தத்தைச் சோதிக்கிறார்கள். பேய் பிடித்தவருக்கு மூன்றாம் தனிமம் ஏன் வேலை செய்யப் போகிறது?

நம் பகுதிக்கு வருவோம். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் தொழிற்சாலைகளுக்குத் தென்மாவட்டங்களிலிருந்தெல்லாம் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள் வந்து விடுதிகளில் தங்குகிறார்கள். மனச்சிதைவு போன்ற கடும் நோய்கள் பெரும்பாலும் முதன்முதலில் தலைகாட்டும் வயதும் அதுவே. போதாக்குறைக்கு இரவு ஷிப்டு. இருமுனை மனநோய்க்கான இயல்புடையவருக்குத் தூக்கக் குறைவே நோயைக் கிளப்பிவிடக் கூடும். மேலே இருக்கும் நிலவைப் பழிப்பதைவிடத் தூக்கத்தைப் பற்றிக் கேட்பது பயன் தரும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் பல இரவுகள் தூங்காமல், யாரோ தன்னிடம் பேசுவதாகச் சொன்னால், அஞ்சி ஒதுங்காதீர்கள். மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் எவரையும் தாக்குவதில்லை. அவர்கள்தாம் அதிகம் தாக்கப்படுகிறார்கள்.

இன்னொன்று. 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரையே நாம் வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். 1794இல் தொடங்கிய மருத்துவமனை அது. மருத்துவர் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அதன் தலைமைப் பொறுப்பிலிருந்தார். பின்னர் 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்கென்றே 'ஸ்கார்ப்' என்ற ஆய்வு நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார். உடன் படிக்கும் மாணவனைக் கேலி செய்ய அந்த ஊர்ப்பெயரைச் சொல்லும்போது, உதவி தேவைப்படும் இன்னொருவன் வாயை மூடிக்கொள்கிறான். நாட்டில் வயது வந்தோரில் பத்தில் ஒருவருக்கு ஏதோவொரு மனநலக் குறை இருப்பதாக 2015-16 தேசிய மனநல ஆய்வு கண்டது. அப்படியானால் உங்கள் தெருவிலும் இருப்பார்கள்.

மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை. இரவு ஷிப்டின் நடுவில் அழைத்தாலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.