பின்மூடி சொன்ன சாட்சி

சென்ற வாரம் எம்மைக் காணவந்த நண்பர் ஒருவர், கைக்குட்டையில் முடிந்துவைத்திருந்த பழைய கைக்கடிகாரம் ஒன்றை எமது மேசைமீது வைத்தார். காலஞ்சென்ற தந்தையாருடையது, நெடுநாள் அலுமாரியிற் கிடந்ததாம். 'சீக்கோ 5' என்னும் ஜப்பானியக் கடிகாரம். கண்ணாடியிற் கீறல், முகப்பும் சற்றே பழுத்திருந்தது.

"நான் பிறந்த 1969ஆம் ஆண்டில் ஐயா வாங்கியது என்பார் அம்மா. 1980இல் மாமா வெளிநாட்டிலிருந்து அனுப்பியது என்கிறார் அண்ணர். எதுவாயினும், மகனின் கலியாணத்துக்கு முன்னர் இதனை மெருகிட்டு, முகப்புக்குப் புதுப்பூச்சும் பூசுவித்துக் கொடுக்கப் போகிறேன்" என்றார்.

"சற்றுப் பொறுங்கள், முதலிற் சாட்சியை விசாரிப்போம்" என்றோம்.

'சீக்கோ 5' வரிசை 1963இல் தோன்றியது. கையசைவினால் தானே முறுக்கேறுதல், நீரைத் தாங்குதல், கிழமையும் தேதியும் ஒரே சாளரத்தில் தெரிதல், நான்கு மணிப் பக்கத்தில் உள்ளடங்கிய குமிழ், உறுதியான கூடும் பட்டியும் ஆகிய ஐந்து சிறப்புக்களே அப்பெயரின் பொருள்.

கடிகாரத்தைக் கவிழ்த்துப் பூதக்கண்ணாடியாற் பார்த்தோம். பின்மூடியில் இரண்டு இலக்கத் தொகுதிகள் இருந்தன. முதலாவது 6119 எனத் தொடங்கிற்று. அது உள்ளே ஓடும் இயந்திரத்தின் இலக்கம். அதனை அடுத்து வரும் நான்கும் கூட்டின் வகையைக் குறிப்பன. இரண்டாவது தொகுதி தொடரிலக்கம். அதன் முதல் எண் ஆண்டின் கடைசி எண், அடுத்தது மாதம். நவம்பருக்கு 'என்', டிசம்பருக்கு 'டி' என்னும் ஆங்கில எழுத்துக்கள் வரும்.

நண்பரின் கடிகாரத்தில் 9, 5 என்றிருந்தன. மே மாதம் என்பது தெளிவு. ஆண்டு 1969ஆ, 1979ஆ? அம்மாவுக்கும் அண்ணருக்கும் இடையிலான வழக்கும் அதுவேயன்றோ! 6119 இயந்திரம் 1960களின் பிற்பகுதியில் வந்து, 1970களின் நடுப்பகுதியோடு மறைந்தது. மேலும், பின்மூடியில் 'வாட்டர் புரூப்' என்று பொறித்திருந்தது. 1970ஆம் ஆண்டளவில் அச்சொல் நீங்கி, 'வாட்டர் ரெசிஸ்ட்' என்பது அதன் இடத்தைப் பிடித்தது. ஆகவே ஆண்டு 1969 என்பதில் ஐயமில்லை.

முகப்பின் கீழ்விளிம்பிலும் நுண்ணிய எழுத்துக்களில் அதே 6119 காணப்பட்டது. அதன் பின்வரும் இலக்கம் கூட்டின் இலக்கத்தோடு ஒவ்வாதிருத்தல் குற்றமன்று. ஆனால் அந்த எழுத்துக்களே இல்லாவிடின், அல்லது கலங்கித் தடித்திருப்பின், பின்னாளில் யாரோ பூசிய முகப்போ என ஐயுற வேண்டும்.

கடிகாரம் தன்னைச் செய்த நாளைக் கூறுமேயன்றி வாங்கிய நாளைக் கூறாது. ஆயினும், அதே ஆண்டு நவம்பரிற் பிறந்த மைந்தனுக்காக அது வாங்கப்பட்டது என்னும் தாயின் சொல்லுக்கு இதனினும் நல்ல துணை வேறென்ன வேண்டும்? நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இத்தகைய மணிக்கூடு ஒன்று உறங்கக்கூடும். திருத்துநரிடம் கொடுத்து உள்ளே துப்புரவு செய்து எண்ணெயிடுவியுங்கள். அது அதன் ஆயுளை வளர்க்கும். ஆனால் கூட்டைத் தேய்க்கவோ, முகப்பைப் பூசவோ விடாதீர்கள். மெருகிடும் சக்கரம் கீறலையும் அழிக்கும், இலக்கத்தையும் அழிக்கும். அழிந்த சாட்சி மீள்வதில்லை.

நண்பர் கடிகாரத்தை மீண்டும் கைக்குட்டையில் முடிந்தார். கலியாணத்தன்று மகனின் கையில் அது கீறலோடுதான் இருக்குமாம்.