வீட்டுத் தோட்டம்: மார்கழிப் பனியும் புரோமிலியாடும்

ஒக்கலிபுரத்தில் தோட்டம் போட நமக்கு நிலமேது? மாடிப்படியும் சன்னலோரமுமே நம் தோட்டம். அத்தகைய இடத்திற்கு மிகவும் ஏற்றது புரோமிலியாடு. பெயர் புதிதேயன்றி இனம் புதிதன்று. நாம் உண்ணும் அன்னாசியும் இக்குடும்பத்ததே. அமெரிக்கக் கண்டத்து வெப்பக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி வாழ்வன இவற்றுட் பல. இலைகள் நடுவே குவளைபோற் கூடி மழைநீரைத் தேக்கிக்கொள்ளும்.

பனிக்காலம் வந்ததும் இச்செடி மடிந்துவிடுமோ என்று பலர் அஞ்சுகின்றனர். பெங்களூரில் சனவரி இரவுகளின் சராசரிக் குளிர் 16 டிகிரி அளவே. இந்நகரில் பதிவான மிகக் கடுங்குளிர் 1884 சனவரியில் கண்ட 7.8 டிகிரி. பத்து டிகிரிக்குக் கீழே நெடுநேரம் நின்றால்தான் குஸ்மேனியா போன்ற மென்மையான வகைகள் வாடும். உதகையைப்போல் உறைபனி விழும் ஊரில் செடியை வீட்டினுள் வைத்தே தீரவேண்டும். இங்கு அவ்வளவு தேவையில்லை.

அங்ஙனமாயின் செடி ஏன் அழுகுகிறது? சென்ற மார்கழியில் நாமே கண்டறிந்தோம். குளிருக்கு அஞ்சிச் செடியைப் பிளாஸ்டிக் தாளால் இறுக மூடினோம். நாள்தோறும் நீரும் ஊற்றினோம். தை பிறக்குமுன் நடுக்குருத்து கையோடு வந்துவிட்டது. கொன்றது குளிரன்று, குளிரோடு கூடிய ஈரமும், காற்றோட்டமின்மையும், நம் அளவு கடந்த பரிவுமே.

ஆகவே, தொட்டியில் தேங்காய் மட்டைத் துண்டும் கரியும் செங்கற்சல்லியும் இட்டு, நீர் வடியச் செய்க. குளிர் மாதங்களில் காலையில் மட்டும், வேர்ப்பகுதி உலர்ந்த பின்னரே நீர் விடுக. குவளையில் சிறிதளவே நீர் நிற்கட்டும். அதனையும் வாரத்திற்கு இருமுறை கவிழ்த்து மாற்றுக. இல்லையேல் டெங்கு பரப்பும் கொசு அங்கே குடியேறும். கடுங்குளிர் இரவில் நான்கு குச்சி நட்டு, இலையில் படாதபடி பழைய வேட்டியொன்றைப் போர்த்துக. பொழுது புலர்ந்ததும் எடுத்துவிடுக.

இறுதியாக ஒன்று. இச்செடி ஒருமுறையே பூக்கும். பின் மெல்ல வாடும். உடனே பிடுங்கி எறிந்துவிடாதீர். அடியில் கன்றுகள் தோன்றும். தாய்ச்செடியின் உயரத்தில் மூன்றிலொரு பங்கேனும் அவை வளரும்வரை அதுவே அவற்றை ஊட்டி வளர்க்கும். பனி நீங்கிய பங்குனியில் கன்றுகளைப் பிரித்து நடுக. ஒன்றை அண்டை வீட்டாருக்கும் அளியுங்கள்.