மெல்லத் தொட்டால்தான் தெரியும்

சகோதரிகளே, வட்டிலப்பம் இறுகிவிட்டதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? மூடியைத் திறந்து விரல் நுனியால் மெல்லத் தொடுவீர்கள் அல்லவா? கண்ணுக்குப் பிடிபடாதது விரலுக்குப் பிடிபடும். ஆனால் சற்றுக் கூடுதலாக அழுத்தினாலோ குழி விழுந்துவிடும்!

இதே வேலையைச் செய்யும் கருவியொன்று விஞ்ஞானிகளிடம் உண்டு. அதன் பெயர் அணுவிசை நுணுக்குக்காட்டி. கேர்ட் பின்னிக், கல்வின் குவேட், கிறிஸ்டோப் கேர்பர் ஆகிய மூவரும் 1986ஆம் ஆண்டில் இதை உலகுக்கு அறிவித்தார்கள். இது வில்லையால் பார்ப்பதில்லை. ஊசியால் தொட்டுப் பார்க்கிறது. மெல்லிய தகடொன்றின் நுனியிலுள்ள மிகக் கூரிய ஊசி, பொருளின் மேல் வரிவரியாகச் செல்லும். மேடு வந்தால் தகடு உயரும். பள்ளம் வந்தால் தாழும். தகட்டில் பட்டுத் தெறிக்கும் லேசர் ஒளி அந்த அசைவைக் காட்டிக்கொடுக்க, கணினி அதைப் படமாக்கும்.

ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர். பிள்ளைகள் குடிக்கும் பசுப்பாலிலுள்ள கேசின் புரத உருண்டைகள் பெரும்பாலும் 100 முதல் 200 நனோமீற்றர் அளவானவை. 2021இல் நம் நாட்டிலும் ஏற்றப்பட்ட பைசர், மொடேனா கொவிட் தடுப்பூசிகளில் மருந்தைப் பொதிந்து சென்ற கொழுப்புத் துணிக்கைகளும் சுமார் 100 நனோமீற்றர்தான்.

இவையெல்லாம் மிருதுவானவை. சிக்கலே அங்குதான். தகட்டில் ஒட்டி உலர்ந்தால் உருண்டை தட்டையாகிவிடும். ஊசி உரசினால் நசுங்கும் அல்லது இடம் நகரும். அப்போது படத்தில் தெரிவது துணிக்கையின் உண்மை வடிவமா, ஊசி செய்த காயமா?

ஆகவே அவற்றை நீரிலேயே வைத்து, ஊசியை இழுக்காமல் மெல்லத் தட்டித் தட்டிப் பார்க்கிறார்கள். பின்பு அளந்து அழுத்தி, எவ்வளவு விசைக்கு எவ்வளவு அமிழ்கிறது என்றும் கணக்கிடுகிறார்கள். துணிக்கையின் உறுதி இதிலிருந்து தெரியவரும்.

இது வீண் வேலையல்ல. உறை எளிதில் உடைந்தால், மருந்து போய்ச்சேர வேண்டிய இடத்தை அடையுமுன்பே சிந்திவிடும். உடலின் கலங்கள் துணிக்கையை உள்ளே எடுப்பதிலும் அதன் மிருதுத்தன்மைக்குப் பங்குண்டு. பிழையாக அளந்தால் மருந்தைப் பற்றிய முடிவும் பிழையாகிவிடும்.

அடுத்த முறை வட்டிலப்பத்தில் குழி விழுந்தால், பழியை உடனே அதன் மேல் போட்டுவிடாதீர்கள். தொட்ட விரல் பாரமாக இருந்ததா என்றும் ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். விஞ்ஞானிகளும் தங்கள் ஊசியைப் பற்றி முதலில் கேட்பது அதைத்தான்.