கண்ணீருக்கு டிக்கெட் விற்காதீர்!



வருகிற டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாள். அதையொட்டி நிதி திரட்டும் கலை மாலை ஒன்று நடத்துவதென நம் சங்கத்தின் செயற்குழு முடிவெடுத்துள்ளது. நல்ல முடிவு. ஆனால் எப்படி நடத்துவது என்பதில் செயற்குழு இரண்டாக நிற்கிறது. சென்ற ஆண்டைப் போலவே நடத்தலாம் என்கிறது ஒரு சாரார். கூடவே கூடாது என்கிறோம் நாங்கள். ஏன் என்பதை ஒளிவு மறைவின்றி உங்கள் முன் வைக்கிறோம். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

சென்ற ஆண்டு நடந்தது என்ன?

தென் கல்கத்தாவில் ஒரு வாடகை மண்டபம். முதல் மாடி. இருபத்திரண்டு படிகள். மேடையில் குத்துவிளக்கு, பொன்னாடை, மெல்லிசை. ஓய்வுபெற்ற கலாசி ஒருவரின் மகன், இரு கால்களும் செயலிழந்த இளைஞர், அன்றைய சிறப்பு விருந்தினர்களில் ஒருவர். நம் தொண்டர்கள் நால்வர் அவரை நாற்காலியோடு தூக்கிப் படியேற்றினார்கள். அதைப் படம் பிடித்தோம். இதே பத்திரிகையில் ‘தொண்டுள்ளம்’ என்று தலைப்பிட்டு அச்சிட்டோம். அந்தத் தலைப்பை எழுதியவர்கள் வேறு யாருமல்ல, நாங்களேதான். ஒப்புக்கொள்கிறோம்.

பின்னொரு நாள் அந்தத் தம்பியைச் சந்தித்தபோது அவர் சொன்னார்: “அண்ணே, மேல தூக்கிட்டுப் போக நாலு பேர் வந்தாங்க. நடுவுல ஒண்ணுக்குப் போகணும்னா யாரைக் கூப்பிடுறது? அந்தப் பயத்துல காலையிலிருந்து தண்ணியே குடிக்கல.”

நாம் பாட்டுக் கேட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தோம். யாருக்காக அந்த மாலையை நடத்தினோமோ அவர் தாகத்தோடு உட்கார்ந்திருந்தார். வரவு செலவைப் பார்த்தால் இன்னும் வேதனை. மண்டப வாடகை, மைக் செட், விருந்தினரின் விமானச் சீட்டு, சாப்பாடு, மலர் அச்சுக்கூலி எல்லாம் போக மிஞ்சியது வசூலில் பாதிகூட இல்லை. அந்தப் பாதியிலும் இரண்டு சக்கர நாற்காலி வாங்கி, அதன் முதுகில் கொடையாளர் பெயரைப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தோம்!

இரக்கம் பிழையா என்று கேட்கிறார்கள். பசித்தவனுக்குச் சோறு போடும் இரக்கத்தை யார் பழித்தார்? அந்தப் பசியை மேடையேற்றி டிக்கெட் விற்பதைத்தான் கண்டிக்கிறோம்.

இது நாங்கள் மட்டும் சொல்வதல்ல. பிரிட்டனில் ஐ.டி.வி. தொலைக்காட்சி 1988, 1990, 1992 ஆகிய ஆண்டுகளில் இரவு பகலாக ‘டெலிதான்’ என்ற நிதி நிகழ்ச்சியை நடத்தியது. பாட்டு, நகைச்சுவை, நட்சத்திரங்கள், இடையிடையே பரிதாபக் காட்சிகள். பணம் கொட்டத்தான் செய்தது. ஆனால் யார் பெயரால் கொட்டியதோ அவர்களே 1992 ஜூலையில் சக்கர நாற்காலிகளில் வந்து லண்டன் நிலையத்தின் முன் திரண்டு, எங்களைக் காட்டிப் பிச்சை எடுக்காதே, எங்கள் உரிமையைக் கொடு என்று முழங்கினார்கள். அதன் பிறகு அந்த நிகழ்ச்சி நடக்கவே இல்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கல்கத்தாவையே பாருங்கள். தாராதலாவில் 1974-ல் தொடங்கிய மூளை முடக்குவாத நிறுவனம் இருக்கிறதே, அதோடு இணைந்து பணியாற்றிய ஜீஜா கோஷ் என்ற பெண்மணி, 2012 பிப்ரவரி 19 அன்று கோவாவில் ஒரு மாநாட்டுக்குச் செல்ல டம்டமில் விமானம் ஏறினார். டிக்கெட் இருந்தது. இருக்கையில் அமர்ந்தும் விட்டார். மூளை முடக்குவாதம் உள்ளவர் என்ற ஒரே காரணத்துக்காக ஸ்பைஸ்ஜெட் விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் அழுதுகொண்டு வீட்டில் முடங்கவில்லை; வழக்குப் போட்டார். 2016 மே 12-ல் உச்ச நீதிமன்றம் அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. அந்தப் பத்து லட்சம் நன்கொடை அல்ல தோழர்களே, அவமதிப்புக்குக் கட்டிய அபராதம்!

சட்டங்களும் அப்படி வந்தவைதான். 1995 டிசம்பரில் ஜாவேத் அபிதி போன்றோர் டில்லித் தெருவில் இறங்கிய பிறகுதான் நாடாளுமன்றம் முதல் சட்டத்தை நிறைவேற்றியது. 3 சதவீத ஒதுக்கீடு வந்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, ஒதுக்கீட்டை 4 சதவீதமாக்கியது. இவற்றில் எது மெல்லிசை இரவில் வசூலானது?

“நம்ம வீட்டில் அப்படி யாரும் இல்லையே” என்று சிலர் நினைக்கலாம். நாங்கள் ரயில்வே ஆட்கள், கேளுங்கள். 2023 ஜூன் 2 அன்று ஷாலிமாரிலிருந்து சென்னை புறப்பட்ட கோரமண்டல், பாலசோர் அருகே பஹானகா பஜாரில் என்ன ஆனது? 290-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். தெற்கே கூலி வேலைக்குப் போன வங்கத்து ஏழைகள் எத்தனை பேர் அந்த வண்டியில்! நாம் ஊருக்குப் போகும் வண்டியும் அதுவேதான். காலையில் இரு காலோடு புறப்பட்டவன் மாலையில் ஒரு காலோடு கிடந்தான். படுகாயத்துக்கு ரயில்வே அறிவித்த கருணைத்தொகை இரண்டு லட்சம். கால் போன தச்சன் அதை வைத்து எத்தனை ஆண்டு சாப்பிடுவான்?

நிரந்தர ஊழியனுக்குக் கால் போனால் ‘மெடிக்கல் டீகேட்டகரைஸ்டு’ என்று எழுதி, சம்பளம் குறையாமல் வேறு வேலை தர வேண்டும். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-வது பிரிவு அதைச் சொல்கிறது. அதே தண்டவாளத்தில் வேலை செய்யும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு? மேஸ்திரி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவான். ஊனம் என்பது விதியல்ல. பெரும்பாலும் அது கூலியின் மறுபக்கம்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். நம் குடியிருப்புகளில் விருந்தாளி வந்தால் உள்ளறைக்கு அனுப்பப்படும் பிள்ளைகள் இல்லையா? “தங்கச்சிக்கு வரன் தட்டிப்போகும்” என்று அண்ணனை மறைத்த வீடு இல்லையா? முன்வினை என்று முணுமுணுக்கும் பெரியவர்கள் இல்லையா? கலைஞரின் 2006-11 ஆட்சிக் காலத்தில் ‘ஊனமுற்றோர்’ என்ற சொல் போய் ‘மாற்றுத்திறனாளி’ வந்தது. நாமும் பெருமையோடு மாற்றிக்கொண்டோம். சொல் மாறியது, படிக்கட்டும் பின்கட்டும் மாறவில்லை.

மேற்கு வங்க அரசு 2018-ல் மாதம் 1000 ரூபாய் என்று ‘மானபிக்’ உதவித்தொகையைத் தொடங்கியது. நம்மவர் எத்தனை பேர் மனுப் போட்டோம்? வங்காளத்தில் படிவம், டாக்டரிடம் சொல்ல மொழி இல்லை, ரேஷன் கார்டு ஊரில். ஊருக்குப் போனால் கல்கத்தாக்காரன், கல்கத்தாவில் மதராசி. இரண்டு மாநிலமும் கைகழுவும் பிள்ளைக்குப் பொன்னாடை எதற்கு?

“கச்சேரி இல்லாமல் கூட்டம் வருமா? கூட்டம் வராமல் காசு வருமா?” என்கிறார் நம் பொருளாளர். நியாயமான கேள்வி. பாட்டு வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. பாடட்டும், ஆடட்டும், லேக் மார்க்கெட்டிலிருந்து இட்லியும் வரட்டும். ஆனால் யார் நடத்துவது, யார் பேசுவது, பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களுடையது. எனவே நாங்கள் முன்வைப்பவை:

ஒன்று: தரைத்தள மண்டபம். நுழைவாயிலையும் கழிவறையையும் சக்கர நாற்காலியில் செல்பவரே முன்கூட்டிப் பார்த்துச் சரி என்ற பிறகே முன்பணம்.

இரண்டு: விழாக்குழுவில் சரிபாதி மாற்றுத்திறனாளிகளும் அவர்களைப் பராமரிக்கும் தாய்மார்களும்.

மூன்று: பரிதாபத்துக்காக ஒரு குழந்தையையும் மேடையேற்றக்கூடாது. தூக்குகிற படம் கூடாது.

நான்கு: வசூலில் முதல் செலவு, சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் மனு எழுதித்தர ஞாயிறுதோறும் ஒரு மேசை, வங்காளமும் தமிழும் அறிந்த இருவர் துணையோடு. மிச்சம், உரிமைக்காகப் போராடும் மாற்றுத்திறனாளிகளின் அமைப்புக்கு, நிபந்தனை ஏதுமின்றி.

ஐந்து: வரவு செலவு, பைசா சுத்தமாக அடுத்த இதழில்.

பொதுக்குழு கூடும் நாளில் திரண்டு வாருங்கள். உள்ளறையில் இருப்பவர்களையும் அழைத்து வாருங்கள். நம் சங்க அலுவலக வாசலிலும் மூன்று படிகள் இருக்கின்றன. அன்றைக்குள் அங்கே சிமென்டுச் சாய்தளம் போட்டு முடிக்கும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம். அந்தத் தம்பி யார் தோளும் தேடாமல் உள்ளே வரட்டும்; முதல் பேச்சு அவருடையதாகட்டும்!